நாலாம் வார்டுத் தண்ணீரின் நிறம்

எனக்குக் கோபம் வந்தால் வீட்டுப் பாஷையான கன்னடம்தான் முதலில் வாயில் வரும். அன்றைக்கு அதை விழுங்கிவிட்டுத் தமிழில் பேசியதே பெரிய காரியம்.

எங்கள் நாலாம் வார்டுக் குழாய்க்குத் தண்ணீர் கொடுக்கும் போர்வெல், பந்தல்குடி ரோட்டோரம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே இரும்புச் சாமானுக்குக் குரோம் முலாம் பூசும் கம்பெனி ஒன்று வந்தது. அடுத்த வருஷமே என் மகள் ஸ்ருதிக்கு வாயைச் சுற்றிப் புண். ஒன்பது வயசுப் பிள்ளை, சோறு உண்ண முடியாமல் அழும். டாக்டர் தண்ணீரை மாற்றச் சொன்னார். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் எங்கள் வார்டுவரை வராது. இந்தக் காட்டில் மாற்றுத் தண்ணீருக்கு எங்கே போக?

எனக்குக் குரோமியத்தின் மேல்தான் சந்தேகம். நாங்கள் நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள். அந்தக் காலத்தில் குரோம் உப்பைக் கையால் அள்ளிப்போட்ட என் மாமனாருக்குக் கையில் விழுந்த புண் சாகும்வரை ஆறவில்லை. மூன்று மனு கொடுத்த பிறகு, அன்றைக்குச் சோதனை. "சரியாக இருக்கிறது" என்று எழுதிவிட்டால் அடுத்த சோதனை ஒரு வருஷம் கழித்துத்தான். அதுவரை ஸ்ருதி இதையே குடிக்க வேண்டும்.

பட்டறையில் போட்டது போட்டபடி, தோளில் மாலைபோலக் கிடந்த வெள்ளை நூல் கழியோடு ஓடினேன். பக்கத்து வீட்டு முத்துத்தாயக்காவும் கூட வந்தார்.

நகராட்சிச் சோதனைக்கூடத்தில் ராஜகுரு என்ற தம்பி கண்ணாடிக் குழாயில் எங்கள் தண்ணீரை ஊற்றி, மருந்து விட்டான். குரோமியம் இருந்தால் ரோஸ் நிறம் வரும் என்றான். பத்து நிமிஷம் கழித்து, டியூப்லைட்டுக்குக் கீழே, குழாயைச் சுவருக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

"கலரே இல்லக்கா. நல்ல தண்ணிதான்."

சுவர் பச்சை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளிறிய ரோஸைப் பச்சைக்கு முன்னால் பிடித்தால் எவன் கண்ணுக்குத் தெரியும்? பட்டறையில் ரோஸ் ஷேடு பார்க்கும்போது பச்சைத் துணியைப் பக்கத்தில்கூட வைக்க மாட்டோம். வாசல் வெளிச்சத்தில், வெள்ளை நூல்மேல் வைத்துத்தான் பார்ப்போம்.

"தம்பி, சுவத்துல வச்சா ஷேடு பாப்பாக? வெளியே கொண்டாங்க."

"ரூல்ஸ்ல அப்படியெல்லாம் இல்லக்கா."

"கொண்டாரக் கூடாதுன்னும் ரூல்ஸ் இருக்காதுல்ல? எடுங்கய்யா!"

சத்தம் கேட்டு இன்ஜினியர் கஸ்தூரி மேடம் வெளியே வந்தார். "என்னம்மா பிரச்சினை?"

"மேடம், நான் இருபது வருஷமா சாயம் போடுறவ. ஒரே ஒரு தடவை எங்கூட வாசலுக்கு வந்து பாருங்க. நான் சொல்றது தப்புன்னா வாயப் பொத்திக்கிட்டுப் போயிடுறேன்."

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ராஜகுரு, ஒப்பிட்டுப் பாக்க ஆத்துத் தண்ணியிலயும் மருந்து விட்டு ஒரு குழாய் எடுத்துட்டு வாங்க" என்றார். அந்த நேரத்தில் அவரைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது.

அதற்கும் பத்து நிமிஷம் காத்திருந்தோம். வாசல் படியில் நூல் கழியை விரித்து, இரண்டு குழாயையும் அதன்மேல் நிறுத்தினேன். "பக்கவாட்டுல பாக்காதீங்க மேடம். சாயத் தொட்டி மாதிரி மேலேருந்து பாருங்க."

ஆற்றுத் தண்ணீரில் நூலின் வெள்ளைதான் தெரிந்தது. எங்கள் தண்ணீர் ரோஸ்! முத்துத்தாயக்கா, "ஆத்தாடி, இதையா குடிச்சோம்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். மேடம் குரோமிய அளவு காட்டும் கலர் அட்டையை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். இரண்டாவது கட்டம் வரை குடிக்கலாம். மேடமே நாலாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

ராஜகுருவின் முகம் செத்துப்போயிற்று. "மன்னிச்சுக்கங்கக்கா" என்றான்.

மேடம் "குடிக்க உகந்ததல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மிச்சத் தண்ணீரைப் பெரிய லேபுக்கு அனுப்பச் சொன்னார். முடிவு வரும்வரை வார்டுக்கு லாரியில் ஆற்றுத் தண்ணீர். கம்பெனிக் கழிவைச் சோதிக்கவும் கடிதம் போனது. பிறகு எங்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நேரே போர்வெல்லுக்கு வந்தார்.

வால்வைத் திருகப் போன குழாய் பிட்டர் சோலையை நிறுத்தி, மேடம் என்னைக் காட்டினார். "அவுக மூடட்டும்."

துருப்பிடித்த சக்கரம் அசைய மாட்டேன் என்றது. முத்துத்தாயக்காவும் ஒரு கை போட்டார். உள்ளங்கை எரிய எரிய இரண்டு பேரும் திருகினோம். குழாய்க்குள் கேட்ட இரைச்சல் குறைந்து, குறைந்து, அடங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நடுரோட்டில் நின்றுகொண்டு வீட்டுக்காரர் திம்மையாவுக்குப் போன் போட்டேன். போகிற லாரிக்காரனெல்லாம் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும்!

"ஸ்ருதிகிட்ட சொல்லுங்க," என்று கன்னடத்தில் கத்தினேன், "அவ அம்மா தண்ணிய நிறுத்திட்டான்னு!"