பெரட்டுக்களத்துப் படம்

விடியுமுன் ரப்பர் மரத்தடியில் நின்ற தேவமலரைப் பார்த்ததும் யுகேந்திரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெற்றியில் விளக்கு, கையில் பால்கத்தி, உடம்பில் கூறைப்பட்டு. அப்பிய பவுடர் வேர்வையில் கோடு கோடாய் வழிந்தது. அடுத்த மர நிரையிலும் பட்டுச்சேலைகள்தான் கொசுக்கூட்டத்துக்குள் சரசரத்தன.

"என்னாக்கா இது, கல்யாணமா?"

"வீடியோக்காரன் வர்றான்னா பின்ன எப்பிடி நிக்கிறதாம்? நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குத்தானே நீ கேமராவத் தூக்கிக்கிட்டு வருவே!"

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான இதே லயத்தில் பிறந்தவன் அவன். மலாக்காவில் வீடியோக் கடை வைத்திருந்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, நிலைக்கவில்லை. கத்தி பட்டையைச் சீவ, பால் கசிந்து மங்குக் கிண்ணத்தில் சொட்டியது. கத்தியை வைத்த பிறகும் அவள் விரல்கள் நிமிரவில்லை.

தோட்டம் கைமாறிவிட்டது. கோல்ஃப் திடல் வரப்போகிறதாம். மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்ய உத்தரவு. மாற்று வீடு பற்றிப் பேச்சே இல்லை. மற்றத் தோட்டத்துச் சனங்களுக்குப் போட்டுக்காட்டி ஆதரவு திரட்டத்தான் இந்தப் படம். ஆனால், பத்திரிகையில் முகம் காட்டிப் பேசிய ராமையா வீட்டுத் தண்ணீர்க் குழாயை அன்றைக்கே வெட்டிவிட்டார்கள். வேலையும் போயிற்று.

பால் கொட்டும் கொட்டகையில் வைத்து யுகேந்திரன் சொன்னான்: "மூணு விதமா எடுக்கலாம்க்கா. படம் ஓட ஓட நான் பின்னால பேசிக்கிட்டே போறது ஒண்ணு. ஒங்கள உக்கார வச்சுக் கேள்வி கேக்கிறது ஒண்ணு. இல்லாட்டி, வாயே தொறக்காம நடக்கிறத மட்டும் புடிக்கிறது. மொதல்ல சொன்னதுதான் நல்லது. கைய, முதுகக் காட்டுறேன். மூஞ்சி வராது, வம்பும் வராது."

"அதான்லா சரி" என்றார் தங்கையா. களைக்கொல்லி தெளித்து ஒரு கண்ணைப் பறிகொடுத்தவர். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டார்.

தேவமலர் வாளியை நங்கென்று வைத்தாள். "மூஞ்சி இல்லாம கையும் முதுகும் ஆடினா பேய்ப்படம்னு எந்திரிச்சுப் போயிருவானுங்க. எங்க எழவுக்கு நீ எதுக்குத் தம்பி கூலிக்கு மாரடிக்கிற?"

"நாளைக்கு ஒங்க கொழாய வெட்டுனா?"

"ஒருத்தி பேசினா ஒரு கொழாய வெட்டுவான். எல்லாரும் பேசினா?"

தங்கையா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெரட்டு. கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட, பதில் சொல்லிவிட்டு அவரவர் நிரைக்குப் போகவேண்டிய களம். இன்று பட்டு இல்லை. பால்கறை பிடித்த சட்டைகள்தான். எந்த விதம் என்று முடிவு செய்யாமலே யுகேந்திரன் கேமராவை முக்காலியில் ஏற்றினான். மானேஜர் சேகரனின் ஜீப் வந்து நின்றது.

"ஏய் கல்யாண வீடியோக்காரா, எவன்டா உன்ன உள்ள விட்டது?"

யுகேந்திரன் கேமராவை முடுக்கினான்.

"சரி. கிராணி, பேர் கூப்புடு. வேலைக்குப் போறவன் போகட்டும். நிக்கிறவன் யாருன்னு நானும் பாக்கிறேன்."

யுகேந்திரனின் கை தன்னையறியாமல் கேமராவைக் கால்களை நோக்கித் தாழ்த்தியது.

"தங்கையா!"

அவர் நகரவில்லை. பிறகு நேராகக் கேமரா முன் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். வெளுத்துப்போன விழி. "தம்பி, மேல தூக்கு" என்றார். யுகேந்திரன் தூக்கினான்.

"தங்கையா. இருக்கேன். மாத்து வீடு குடுக்காம எங்கியும் போகமாட்டேன்."

"போதும், நிறுத்து!" என்று சேகரன் கத்தினார். பழக்கதோஷத்தில் கிராணி அடுத்த பேரைக் கூப்பிட்டுத் தொலைத்தார்.

"தேவமலர். இருக்கேன். போகமாட்டேன்."

அதற்குமேல் கிராணி கூப்பிடத் தேவைப்படவில்லை. ஒருவர் விலக ஒருவராய்த் தாங்களே வந்து நின்றார்கள். சிலர் அழுதார்கள். கடைசி ஆளும் பேசி முடித்ததும் யுகேந்திரன் கேமராவை ஓடவிட்டு அதன் முன்னால் போய் நின்றான்.

"முனியாயி மகன் யுகேந்திரன். இருக்கேன்."

"போலீசோட வர்றேன்" என்று சேகரன் ஜீப்பைக் கிளப்பினார்.

தண்ணீர் எந்த நேரத்திலும் நின்றுவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்த குடம், வாளி அத்தனையையும் பெண்கள் குழாயடிக்குத் தூக்கி வந்தார்கள். முதல் குடம் ராமையா வீட்டுக்குப் போனது.