ஹருநாமி மாருவின் இடப்பக்கம்

மினாகோ சமையலறைக் கதவைத் திறந்ததும் மண்ணெண்ணெய் நெடி மூக்கில் ஏறியது. அவள் அம்மா யசுயோ பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று, கணப்பு அடுப்புக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் பழைய துணியை நனைத்து, அப்பா செய்த படகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முழங்கை நீளப் பிளாஸ்டிக் படகு. அதன் இடப்பக்கம் முழுக்கப் பளீரென்று வெளுத்துவிட்டது. துணிதான் செம்பழுப்பாகியிருந்தது.

"என்னம்மா பண்ற?"

"பாத்தா தெரியல? அழுக்கெடுக்கறேன். சோப்புப் போட்டுத் தேச்சேன், அசைய மாட்டேங்குது. இதுக்குத்தான் மசியுது."

முன்னறையில் அப்பா கென்சாகு வடக்கே தலை வைத்துக் கிடந்தார். முகத்தில் வெள்ளைத் துணி, உடல் கெடாமலிருக்க வயிற்றின் மேல் உலர்பனிக்கட்டி. நேற்று ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது மினாகோவின் விரலைப் பிடித்து, "படகு... என்னோட வை" என்றார். சரிப்பா என்று தலையாட்டிவிட்டாள். இப்போது சடங்கு நடத்த வந்த ஓயாமா கையை விரித்துவிட்டார். பிளாஸ்டிக்கைச் சவப்பெட்டியில் வைத்தால் தகனக்கூடத்தில் வாங்க மாட்டார்களாம், உருகி எலும்போடு ஒட்டிக்கொள்ளுமாம். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வந்தவளுக்கு இந்தக் காட்சி.

படகின் பெயர் ஹருநாமி மாரு. அசல் படகு யாய்சு துறையில் தண்ணீரில் இறங்கிய அந்த வருஷமே, சூரை மீனுக்குத் தெற்கே போய்த் திரும்பவில்லை. அதில் மினாகோவின் அண்ணன் நவோகியும் போனான். உடம்பு கிடைக்கவில்லை. பெட்டியில் வைத்து எரிக்க எதுவும் இல்லாமல் அவனுடைய ரப்பர் பூட்சைப் பார்த்து அழுத குடும்பம் அது.

கென்சாகு ஷிசுவோகாவில் பிளாஸ்டிக் மாதிரிகள் வார்க்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். வேலைக்கு வெளியே இவர் செய்தது இந்த ஒரே படகுதான். செய்து முடித்தபோது அது வெள்ளை வெளேரென்றிருந்தது. மறு வருஷம், நவோகியின் திதியன்று, மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் படகு இறங்கி வந்தபோது, நங்கூரத் துளைக்குக் கீழே துரு கசிந்து வடிந்திருந்தது. நிஜத் துரு இல்லை, வர்ணம். புள்ளி வைத்து, காயும் முன்னே ஈரத் தூரிகையால் கீழ்நோக்கி இழுத்தால் அசல் துரு தோற்றுப்போகும். பிறகு ஒவ்வொரு திதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார். வர்ணத்துக்கு அடியில் உப்பைத் தூவி, மேலே பூசி, உப்பைத் தட்டிவிட்டுப் பொருக்கு உதிர்ந்த மாதிரி செய்வார். கீழே அம்மா நவோகிக்குப் பிடித்த விலாங்குச் சோற்றைப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிடுவாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அப்பா எத்தனை வருஷம் உக்காந்து பண்ணது தெரியுமா அது? துணியக் கீழ வை" என்றாள் மினாகோ.

"தெரியும். எனக்குத் தெரியாதா?" அம்மா துடைப்பதை நிறுத்தவில்லை. "எம்புள்ள புதுப் படகுல போனான். அதக் கடலுக்கடியில போட்டு வருஷா வருஷம் துருப்பிடிக்க வெச்சாரு உங்கப்பா. இத்தன துரு ஏறியிருக்கும், இத்தன அரிச்சிருக்கும்னு எனக்குக் கணக்குக் காட்டுற மாதிரி. அவன் படுத்திருக்கிற எடம் எப்பிடி இருக்கும்னு நான் நெனச்சுப் பாக்காத நாள் உண்டா? அதக் கொண்டாந்து என் கண்ணு முன்னாடி அலமாரில வெச்சாரு. வாயத் தொறந்தனா நான்? இன்னிக்காவது எம்புள்ள படகு சுத்தமா இருக்கட்டும்."

அப்பா செய்ததை அம்மா இப்படி நினைத்திருப்பாள் என்று மினாகோ கனவிலும் நினைக்கவில்லை. படகைக் கையில் வாங்கினாள். அம்மா விட்டுவிட்டாள். வலப்பக்கம் இன்னும் துடைக்கப்படாமல் இருந்தது. மினாகோ மீன்துறை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், ஜன்னலைத் திறந்தால் படகுகள்தான். இத்தனை வருஷமாக அலமாரியில் இருந்ததை இன்றுதான் ஒழுங்காகப் பார்க்கிறாள்.

"அம்மா, இங்க பாரு."

"பாத்தாச்சு போ."

"இதப் பாரும்மா. இந்தக் கறுப்பு." படகின் பக்கவாட்டில், நடு உயரத்தில், மங்கலாக, ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்ந்த கறுப்புத் தடங்கள். "இது துரு இல்ல. துறையில டயரு கட்டித் தொங்கவிட்டிருக்கோம்ல, அதுல உரசுனது. கரைக்கு வந்து கட்டுற படகுக்குத்தான் இது விழும். கடலுக்கடியில டயரு ஏது?"

அம்மா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள்.

"கயிறு கட்டுற கட்டையப் பாரு, வர்ணம் தேஞ்சு பளபளன்னு இருக்கு. வந்து வந்து கட்டுனாத்தான் தேயும். ஏணியடியில பாரு, கால் பட்டுத் தேஞ்ச எடம். முங்கிப்போன படகுன்னா பாசி புடிச்சிருக்கும், சிப்பி ஒட்டியிருக்கும். இதுல அதெல்லாம் எங்க இருக்கு? அப்பா இத முங்கவே விடலம்மா. வருஷா வருஷம் கடலுக்கு அனுப்பித் திரும்பக் கூட்டியாந்திருக்காரு."

தொட்டியில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் செம்பழுப்பாய்த் தேங்கியிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கிட்டச் சொல்லலையே" என்றாள் கடைசியில்.

"நீ கேட்டியா?"

"கேக்கல."

மறுநாள் மதியம் பெட்டியை மூடும் முன் எல்லோரும் சாமந்திப் பூ வைத்தார்கள். மரமும் முடியும் எரியும், வைக்கலாம் என்று ஓயாமா சொல்லியிருந்ததால், படகுக்குப் பதிலாக அப்பாவின் மூங்கில் காம்புத் தூரிகைகளைக் கட்டி அவர் வலது கையடியில் மினாகோ வைத்திருந்தாள். மன்னிச்சிடுப்பா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? ஓயாமா மூடியைத் தூக்கச் சொல்லிக் கைகாட்டியபோது அம்மா குனிந்து, பூக்களுக்குள் கையை விட்டு, தூரிகைக் கட்டிலிருந்து மெல்லியதாக ஒன்றை உருவினாள்.

"என்னண்ணி இது, போறவருக்கு வெச்சதப் போயி எடுக்கிறது? ஆகாதது" என்றாள் அப்பாவின் தங்கை ஃபுஜிகோ.

"எங்களுக்கு வேணும்" என்றாள் அம்மா. தூரிகையைக் கறுப்புக் கிமோனோவின் இடுப்புப் பட்டிக்குள் செருகிக்கொண்டு, அப்பாவின் கன்னத்தை ஒரு தடவை தொட்டாள். ஆணியடிக்கும் சத்தம் முடியும்வரை தலை நிமிரவில்லை.

தகனம் முடிந்து, எலும்பைப் பொறுக்கிக் கலசத்தில் எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அம்மா கிமோனோவைக்கூட மாற்றவில்லை. கலசத்தைப் பூஜை மாடத்தடியில் வைத்துவிட்டு மாடியேறினாள், அப்பாவின் வர்ணப் புட்டிகளோடு இறங்கி வந்தாள். படகைச் சாப்பாட்டு மேசையில், வெளுத்த பக்கம் தன்னைப் பார்க்க வைத்தாள்.

"டயரு எங்க உரசும்?"

மினாகோ விரலால் காட்டினாள். அம்மா தூரிகை நுனியைக் கறுப்பில் தொட்டாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வெள்ளையில் ஒரு சின்னக் கோடு இழுத்தாள். கோணல் கோடு. தள்ளி வைத்துப் பார்த்தாள். பிறகு முகத்தை அருகே கொண்டுபோய், வர்ணம் காயட்டும் என்று வாயைக் குவித்து ஊதினாள்.