இருபதுகளில் இல்லாத பட்டை

மனிதர்கள் பொய் சொல்வார்கள், கண் பொய் சொல்லும், சமயத்தில் கடவுள்கூட மழுப்புவார். விழுக்காடு மட்டும் பொய்யே சொல்லாது. மருத்துவமனையின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்த்ததால் வீட்டில் ‘சராசரி’ என்று பட்டப்பெயர் வாங்கிய நடுப்பிள்ளை இதைச் சாப்பாட்டு மேசையில் அறிவித்தபோது யாரும் மறுக்கவில்லை. எல்லோர் வாயிலும் சாப்பாடு இருந்தது.

அக்கா மட்டும் சாப்பிடாமல் கடைசித் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். படியேறினால் நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது என்று சின்னவன் சொன்னதிலிருந்து அவளுக்கு இதே வேலை.

"என்னக்கா, வளையலுக்கு அளவெடுக்கிறியா?" என்றான் சராசரி.

"நடுநடுவுல ஒண்ணு தவறுதுடா. ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்தா என்ன குறைஞ்சு போகுது?"

"எடுக்கட்டுமாண்ணா?" என்றான் தம்பி.

சராசரி மடிக்கணினியைத் திருப்பி வைத்தான். இதயம் தாளம் தப்பும் ஓர் அபூர்வ நோய் எந்தெந்த வயதில் எத்தனை பேருக்கு என்று அவனே வரைந்த பட்டை வரைபடம். எழுபதுகளில் பட்டை பனைமரமாக நின்றது. ஐம்பதுகளில் இடுப்பளவு. இருபதுகளில் வெறும் தரை.

"பாரு, உன் வயசுல ஆளே இல்ல. அங்க போனா பாட்டன் பூட்டனோடதான் நீ வரிசைல நிக்கணும்."

தம்பி சிரித்தான். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று துண்டை எடுத்துக்கொண்டு நீந்தப் போனான். சில வாரங்கள் கழித்து அந்த நீச்சல் குளத்திலிருந்துதான் அவனை உயிரில்லாமல் தூக்கி வந்தார்கள்.

அதே நோய்தான் என்றார் மருத்துவர். கூடப்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டுமாம்.

சராசரி பழைய கணக்கைத் திறந்து பார்த்தான். இருபதுகளில் ஆள் இருந்தார்கள். ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிற ஆட்கள். நோயாளி யாரென்று தெரிந்துவிடக் கூடாதென்று அவ்வளவு சின்ன எண்ணைப் படத்தில் காட்டாமல் விடுவது பிரிவின் வழக்கம். விட்டவன் அவன். விட்டதை மறந்தவனும் அவன்தான்.

ஈசிஜி அறைக்கு வெளியே அக்காவும் அவனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என் வயசுல எத்தனை பேருடா?"

"தெரியலக்கா."

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணத் தொடங்கினான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எண்ணிக்கை தவறியது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான்.