நூறாவது ஆணை

1

இந்தக் கதை ஒரு கேக்கிலிருந்து வந்தது. சாக்லேட் கேக். மேலே வெள்ளை கிரீமில் 100 என்று எழுதியிருந்தது. அன்று நாங்கள் முடித்திருந்தது தொண்ணூற்றொன்பது.

(தொடக்கத்தை நான்கு முறை மாற்றினேன். "ஸ்கோப்யேயில் பனி பெய்துகொண்டிருந்தது" என்பது ஒன்று. எங்கள் தலைநகரில் அன்று பனி பெய்யவில்லை.)

2

அமைச்சகத்தில் எங்கள் வேலை எளிது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து* ஓர் ஆணை வரும். அதன் ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே எங்கள் சட்டத்தின் பிரிவை எழுத வேண்டும். தாளின் கடைசிக் கட்டத்தில், இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்று ஒரு சொல்: முழுமை, பகுதி, இல்லை. சட்ட அலுவலர் கையெழுத்திடுவார். மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தவர் அதன்கீழ் கையெழுத்திடுவார். கீழே இருப்பது என்னுடையது.

முழுமை என்று போட்டுவிட்டால் அந்த ஆணையைப் பற்றி யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள்.

நூறாவது ஆணை கல்தூசு பற்றியது. குவாரி வேலையை விட்டுப் போன பிறகும் தொழிலாளியின் நுரையீரலை அரசு பரிசோதிக்க வேண்டும் என்கிறது ஒரு பிரிவு. நாங்கள் நிறைவேற்றிய சட்டத்தில் அது இல்லை. செலவு அதிகம் என்று யாரோ எடுத்துவிட்டார்கள்.

* நாங்கள் இன்னும் அதில் சேரவில்லை. வாசலில் நிற்கிறோம். நிற்கத் தொடங்கியபோது பிறந்த பிள்ளைகள் இப்போது எங்களோடு வேலை பார்க்கிறார்கள்.

3

சட்ட அலுவலர் பாவ்லினா "பகுதி" என்று எழுதினாள்.

துறைத்தலைவர் டிரைச்சே கேக் வெட்டும் கத்தியோடு வந்தார்.

"என்னம்மா இது? மந்திரி பத்து நிமிஷத்துல வர்றாரு. கேமராவும் வருது."

"வரட்டும், தலைவரே."

"ஒரே ஒரு வார்த்தை. மாத்திக் குடு. விட்டுப்போனதை அடுத்த வருஷம் சேத்துக்கலாம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"அங்க ஒன்றியத்துல ஒருத்தனும் இதைப் படிக்க மாட்டான்."

"நான் படிச்சுட்டேனே."

"கேக்குல நூறுன்னு போட்டாச்சும்மா!"

"அப்ப கேக்கை மாத்துங்க. கிரீம்தானே, வழிச்சா போயிடும்."

யாரோ சிரித்தார்கள். (நான்தான்.)

4

முதல் வரைவில் பாவ்லினாவுக்கு ஒரு தம்பியைக் கொடுத்திருந்தேன். குவாரியில் வேலை செய்தவன், இருமுகிறவன். நீக்கிவிட்டேன். ஒரு பெண் உள்ளதை உள்ளபடி எழுத அவள் வீட்டில் ஒரு நோயாளி இருந்தாக வேண்டுமா?

பெட்கோவை நீக்க முடியவில்லை. பிரிலெப் நகரப் பக்கத்துக்காரர். குவாரியை விட்டு ஆறு வருடம். மாதம் ஒருமுறை பாவ்லினாவைத் தொலைபேசியில் அழைப்பார்.

"மேடம், அந்த டாக்டர் சட்டம் வந்துடுச்சா? நாலு படி ஏறினா நிக்க வேண்டியிருக்கு. எம்பது வயசு மாமியா என்னை முந்திக்கிட்டுப் போறா."

5

முடிவு ஒன்று: பாவ்லினா பணிகிறாள். எழுதிப் பார்த்தேன். அவள் பேனாவைத் தொடவே இல்லை.

முடிவு இரண்டு: மந்திரி கேக்கை வெட்டும் நேரம் பெட்கோ கதவைத் தள்ளிக்கொண்டு (சினிமா. வேண்டாம்.)

நடந்தது வேறு. டிரைச்சே "முழுமை" என்று புதிய தாள் ஒன்றை அச்சிட்டார். பாவ்லினாவின் இடத்தில் தானே கையெழுத்திட்டார். தாளை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க பாஷை பாக்குறவரு. உங்களுக்கு இதுல என்ன போச்சு? போடுங்க சீக்கிரம், காப்பி ஆறுது."

அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்தேன். மேலே "பகுதி" என்று எழுதினேன். பிறகு கையெழுத்திட்டேன்.

கீழே மந்திரியின் கார்க் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

6

திங்கட்கிழமை எங்கள் இருவரையும் கூப்பிட்டு

இல்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன். தண்டித்தார்கள் என்றால் ஐயோ என்பீர்கள். ஜெயித்தோம் என்றால் கைதட்டுவீர்கள். இரண்டில் எது என்றாலும் மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவீர்கள்.

பெட்கோவின் நெஞ்சில் இன்றுவரை எந்த மருத்துவரும் காதுவைத்துக் கேட்கவில்லை. முதலில் அது நடக்கட்டும். முடிவைப் பிறகு கேளுங்கள்.