நிற்காமல் மூன்று மணி நேரம்

"ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட வேண்டியதுதானே?" என்று என்னிடம் கேட்காத ஆளே இல்லை. தையல்காரர் கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் வாரம் ஒரு முறை கேட்பார். பல் டாக்டர் என் வாய்க்குள் இடுக்கியை விட்டுக்கொண்டே கேட்டார். பதில் சொல்ல முடியாத நிலையில் நான் இருந்ததால் தப்பித்தார். என் மெஷினை இழுக்கிற அளவுக்கு ஜெனரேட்டர் வைத்து அதற்கு டீசலும் ஊற்றினால், பாட்டிலைவிட மூடி விலை அதிகமாகிவிடும். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.

நான் பாட்டில் மூடி செய்கிறவள். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு மெஷின், வேலைக்கு ஆறு பெண்கள். பிளாஸ்டிக் குருணையை மேலே கொட்டினால் உருகி, அச்சுக்குள் பாய்ந்து, இறுகி, தடவைக்கு எட்டு மூடியாக விழும். கரண்ட் இருக்கும்வரை குழந்தைகூட ஓட்டலாம். நடுவில் போனதோ, தொலைந்தோம். உருகினது குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும். அச்சுக்குள் பாதி போனது பாதியிலேயே நிற்கும். அதைப் பித்தளைக் கம்பியால் குத்திக் குத்தி எடுத்து, மறுபடி சூடேற்றி, கருகல் கோடு இல்லாத முதல் மூடி விழுவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விடும். அதற்குள் அடுத்த கரண்ட் கட் வந்து வாசலில் நிற்கும்.

ஆனால் ஒரு வழி உண்டு. கரண்ட் போன பிறகும் மெஷினில் பத்து விநாடிக்கு அழுத்தம் மிச்சம் இருக்கும். அதற்குள் குருணையை அடைத்து, அச்சைத் திறந்து, குழாயில் இருப்பதை வெளியே துப்ப வைத்து, மெஷினின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டால் பிழைத்தோம். அந்த ஆறு பேரில் மெஷின் ஓட்டுகிறவள் என் நாத்தனார். அவளை வைத்து இதை நான் கையில் கடிகாரத்தோடு பழக்கினேன். ஒருமுறை அவள், "அண்ணி, போயிடுச்சா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டதில் மூன்று விநாடி போய், அச்சு மாட்டிக்கொண்டது. அன்றைக்கு எல்லார் முன்னாலும் அவளை அழ அழத் திட்டினேன். "சந்தேகம் வந்தா நிறுத்து. யாரையும் கேக்காதே." அதற்கப்புறம் அவள் கேட்டதில்லை. இப்போது எட்டே விநாடிதான். அவள் கை போகும்போதே ஒருத்தி தட்டை இழுப்பாள், ஒருத்தி சூட்டுக்கையுறையோடு குழாய் துப்புகிற கட்டியை ஏந்துவாள், நான் வெளிச்சத்துக்காக ஷட்டரை ஏற்றுவேன்.

இத்தனை வருஷமும் நாங்கள் செய்தது பினாயில் பாட்டில் மூடி. கோணலாக இருந்தாலும் பினாயில் குறை சொல்லாது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஆறு பேருக்கும் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கொடுக்க முடிகிறது. இந்த வருஷம் அதுவும் முடியாது. மூன்று பேரை நிறுத்தியாக வேண்டும். எந்த மூன்று பேர் என்று நான் மனதுக்குள் முடிவு செய்துவைத்திருந்தேன். அவர்கள் என் முன்னால் உட்கார்ந்து சிரிக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

அப்போதுதான் மருந்துக் கம்பெனி ஒன்று குழந்தைகள் இருமல் மருந்துக்கு மூடி கேட்டது. கிடைத்தால் வருஷம் முழுக்க, வாரம் ஆறு நாளும் வேலை. ஒரே ஒரு நிபந்தனை. அவர்களுடைய ஆய்வாளர் வருவார். அவர் கண் முன்னால் மெஷின் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். நின்று நின்று ஓடினால் மூடியின் எடை மாறுமாம், மருந்து கசியுமாம். நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் நிற்காத மூன்று மணி நேரம் என்பது குதிரைக் கொம்பு.

கரண்ட் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். முதல் நாள், பெரிய அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். இரண்டாம் நாள், சாப்பாட்டில். மூன்றாம் நாள் ஆபீசிலேயே கரண்ட் இல்லை; அட்டையால் விசிறிக்கொண்டே கேட்டார்.

"உங்களுக்கு மட்டும் எப்படிம்மா தனியா குடுக்கிறது?"

"எனக்கு மட்டும் வேணாம் சார். எல்லாருக்கும் குடுங்க. எனக்கென்ன வயித்தெரிச்சலா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வியாழக்கிழமை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை எங்கள் லைனில் கை வைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். வீட்டில் வந்து சொன்னேன். நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள்.

"அவங்க சொன்னா நீங்க நம்பிடுவீங்களா, அண்ணி?"

எங்கே நம்பினேன்? வியாழக்கிழமை காலை விடிந்ததிலிருந்து வீட்டு லைட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆய்வாளர் நல்ல மாதிரி. மெலிந்த உடம்பு, மெல்லிய பேச்சு. மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார். கரண்ட் வருவதையும் போவதையும் அது தாளில் கோடாகப் போட்டுக்கொண்டே இருக்குமாம். பிறகு மேஜை ஃபேனுக்கு எதிரே உட்கார்ந்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு மூடியை எடுத்து எடை போட்டு எழுத ஆரம்பித்தார். அந்த ஃபேன் பழசு. கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி கடகடவென்று கத்தும்.

ஒன்பதுக்கு ஆரம்பித்தோம். பத்து ஆயிற்று. வழக்கமாகப் போகிற பத்தேகால் வந்தது; எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். போகவில்லை. பதினொன்று. போகவில்லை. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. இப்படி ஒழுங்காகக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இத்தனை வருஷமாக ஏன் எங்கள் உயிரை வாங்கினார்கள் என்று கோபமும் வந்தது. ஆய்வாளர், "எடை எல்லாம் ஒண்ணுபோல இருக்கும்மா" என்றார். நாத்தனார் திரும்பவே இல்லை, காது மட்டும் சிவந்தது.

பதினொன்று நாற்பத்தெட்டு. மெஷின் அச்சை மூடிக்கொண்டு, மூடிகள் இறுகுவதற்காகச் சில விநாடி சத்தமில்லாமல் நிற்குமே, அந்த நேரம். ஃபேன் நின்றது.

கொட்டகை அமைதியானது. அவ்வளவுதான். நாத்தனாரின் கை குருணையை அடைத்தது, அச்சைத் திறந்தது. ஒருத்தி தட்டை இழுத்தாள். ஒருத்தி கட்டியை ஏந்தினாள். மெயின் சுவிட்ச் டப்பென்று இறங்கியது. எட்டு விநாடி இருக்காது, ஏழுதான் இருக்கும்.

ஆய்வாளர் எங்களைப் பார்த்துத் திகைத்துப்போய் நின்றார். அவர் விரல் இன்னும் ஃபேன் சுவிட்சின் மேல் இருந்தது.

"பேப்பர் பறந்துச்சு... அதான் ஃபேனை நிறுத்தினேன்."

பெட்டியில் அந்தக் கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "கண்ணு எங்கேடி இருக்கு உனக்கு? லைட் எரிஞ்சுக்கிட்டுத்தானே இருக்கு! இன்னும் பன்னெண்டே நிமிஷம்! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

நாத்தனார் முகம் வெளுத்துப் போய், "கேக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க, அண்ணி" என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். ஷட்டருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். அதை இடுப்பு உயரத்துக்கு ஏற்றியிருந்தேன். ஏற்றினது எனக்கே தெரியாது.

ஆய்வாளர் ஃபாரத்தை எடுத்து நெற்றியைத் தேய்த்தார். "மெஷின் நின்னதுக்குக் காரணம் எழுதணும். மின்தடைன்னா இன்னொரு நாள் வந்து மறுபடி பார்ப்போம். கரண்ட் இருக்கும்போதே நிறுத்தினதுன்னா ஆர்டர் குடுக்க முடியாது." பெட்டியைக் காட்டினார். "மின்தடைன்னு எழுதவும் முடியாதும்மா. இது பதிஞ்சிடுச்சு."

ஆயிரம் நாள் போன கரண்ட், அந்த ஒரு நாள், அந்த ஒரு நிமிஷம் போயிருக்கக் கூடாதா? நன்றாக இருந்தது எங்கள் யோகம்.

"யார் நிறுத்தினதுன்னும் எழுதணும்" என்றார்.

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். நான் அவளைத் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவருக்கும் வருத்தம்தான். போகும்போது யாரும் கேட்காமலே ஃபேனைப் போட்டுவிட்டுப் போனார்.

சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பினாயில் மூடிக்கு அச்சை மாற்றச் சொன்னேன். ஒரு மணிக்கு ஓட ஆரம்பித்தது. ஒரு மணியோடு வாக்கும் முடிந்தது, எந்த நிமிஷமும் போகும் என்று இருந்தோம். இரண்டு ஆயிற்று. நான்கு ஆயிற்று. மூடிகள் எட்டு எட்டாக விழுந்துகொண்டே இருந்தன. நிறுத்தப்படப் போகிற மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மணிக்கு நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அண்ணி, அஞ்சு மணி நேரம் ஆச்சு. ஒரு தடவைகூட நிக்கல."

"தெரியுது. பேசாம ஓட்டு" என்றேன்.