லானோவுக்கு முப்பத்தைந்து மைல்

மேசனிலிருந்து லானோவுக்குப் போய் அன்றைக்கே திரும்பிவிடுவதற்கு ஹில்மர் ஷ்ராம் ஒரு வாரம் திட்டம் போட்டார். தீவனக் கடையில் காலைக் காபிக்குக் கூடுகிற கிழவர்களுக்கு அது நல்ல வேடிக்கையாகப் போயிற்று.

“முப்பத்தஞ்சு மைலுய்யா அது!” என்றார் ஹார்லன். “என் மருமக ஒரு சூயிங்கம்மை வாயில போட்டான்னா, இனிப்பு தீர்றதுக்குள்ள லானோவுல நிப்பா. நீ என்னடான்னா படையெடுத்துப் போற மாதிரி யோசிக்கிற.”

“உன் மருமக கண்ணுல எவனும் கத்தி வைக்கல.”

“சரி, நான் கொண்டுபோய் விடட்டுமா?”

“தங்கச்சி வீட்டு வாசல்ல அடுத்தவன் வண்டியில போய் இறங்கறதா? நல்லா இருக்கு.”

ஹில்மருக்கும் தங்கை நெல்டாவுக்கும் பத்து வருஷத்துக்கு மேலாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது மேசன் முழுக்கத் தெரிந்த சங்கதி.

திட்டத்துக்குக் குறுக்கே நின்றது சூரியன்தான். மேசன்காரனுக்கு லானோ கிழக்கே இருக்கிறது. காலையில் போனால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். சாயங்காலம் திரும்பினாலும் முகத்தில்தான் அடிக்கும். கண் அறுவைக்குப் பிறகு அவருக்கு எதிர்வெயிலில் ரோடு வெள்ளைத் துணி விரித்த மாதிரி ஆகிவிடுகிறது. இருட்டட்டும் என்று இருந்துவிட்டாலோ மான்கள். நவம்பரில் அவை கண்மண் தெரியாமல் குறுக்கே பாயும். ஆகவே வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியபின் கிளம்பி, இறங்குமுன் வீடு வந்துவிட வேண்டும்.

நெல்டா தொலைபேசியில் கூப்பிட்டது பயணத்துக்கு முந்தின சனிக்கிழமை. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

“வீட்டை வித்தாச்சு அண்ணே. வர்ற திங்கள் இல்ல, அடுத்த திங்கள், பையனோட கொலராடோவுக்குப் போறேன். இனிமே இந்தப் பக்கம் வருவேன்னு தோணல.”

“ம்.”

“அதுக்கு முந்தி சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வர்றதுன்னா வாங்க.”

“எத்தனை மணிக்கு?”

“பன்னெண்டுக்கு. நம்ம வீட்டுல வேற எத்தனை மணிக்குச் சாப்பிட்டிருக்கோம்?”

ஷ்ராம் குடும்பத்தில் மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு. சுவர்க் கடிகாரம் அடித்து ஓயும்போது நாற்காலியில் இல்லாதவரின் தட்டை அப்பா எழுந்து தன் கையாலேயே எடுத்து அலமாரியில் வைத்துவிடுவார். காரணம் கேட்க மாட்டார். காரணம் சொல்ல இடம் கொடுத்தால் பிள்ளைகள் பொய் சொல்லப் பழகிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். அப்பாவுக்குப் பிறகு அந்த வேலை ஹில்மருக்கு வந்தது. அம்மா உயிரோடிருந்த கடைசிக் கிறிஸ்துமஸ் அன்று ஆற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலம் மூழ்கிவிட்டது. நெல்டா சுற்றுவழியில் வந்து சேர்ந்தபோது கால் மணி நேரம் தாமதம். அவளுடைய தட்டு அலமாரியில் இருந்தது. அவள் வாசற்படியில் நின்றபடியே மேசையை ஒருமுறை பார்த்தாள். கையிலிருந்த கேக் டப்பாவைப் படியில் வைத்தாள். போய்விட்டாள். அம்மா அன்று சாப்பிடவில்லை. ஹில்மர் சாப்பிட்டார். செய்தது சரி என்றுதான் அன்றும் நினைத்தார், இன்றும் நினைக்கிறார். ஆளுக்கு ஏற்றபடி வளைகிற ஒழுங்கு ஒரு குடும்பத்தை எத்தனை நாள் தாங்கும்?

ஆனால் இந்தப் பன்னிரண்டு மணியைத் தவறவிட்டால் இன்னொரு பன்னிரண்டு மணி இல்லை. அதுவும் அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை பத்துக்குக் கிளம்பினார். எப்படி ஊர்ந்தாலும் பதினொன்று சொச்சத்துக்கு லானோவைத் தொட்டுவிடலாம். ஊருக்கு வெளியே ஓரமாக நின்றுவிட்டு, பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் கதவைத் தட்டுவது. சீக்கிரம் போய் நிற்பதும் மரியாதை அல்லவே. கறுப்புக் கோட்டும் தொப்பியும் அணிந்திருந்தார். காலமான மனைவி விட்டுப்போன நீளமான கறுப்புக் காரை முந்தின நாளே கழுவி, முகம் தெரியத் துடைத்து வைத்திருந்தார். வெறுங்கையோடு போகிற வழக்கமில்லை. வீட்டுப் புகைக்கூட்டில் தாமே புகையில் வாட்டிய மாட்டிறைச்சி சாசேஜைப் பழுப்புத் தாளில் சுற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டார்.

நாற்பது மைல் வேகத்தைத் தாண்டவில்லை. பின்னால் வண்டிகள் சேர்ந்தன. இப்படி ஆனால் ஓரத்தில் இறங்கி வழிவிடுவதுதான் அந்தப் பக்கத்து மரியாதை. அவரும் என்றும் தவறியதில்லை. ஆனால் அன்று அவர் பக்கத்து ஓரம் நெடுகிலும் சாலை வேலை. ஆரஞ்சு நிறப் பீப்பாய்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். இறங்க இடமில்லை. போய்க்கொண்டே இருந்தார்.

எதிரே வந்த ஒரு லாரி வேகம் குறைந்து ஓரங்கட்டி நின்றது. அடுத்து வந்த பிக்கப்பும் நின்றது. அதற்கும் பின்னால் வந்தவன் வண்டியிலிருந்து இறங்கியே விட்டான். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று ஹில்மர் சவ ஊர்வலத்தைத் தேடினார். முன்னால் ஒன்றுமில்லை. கண்ணாடியில் பார்த்தார். வளைவு வரைக்கும் வண்டிகள். புது வண்டிகளில் பகலிலும் தானாகவே விளக்கு எரிகிறதே, அத்தனை விளக்குகளும் சவ ஊர்வலத்தில் ஏற்றி வருகிற மாதிரியே அவருக்குப் பின்னால் வரிசையாக வந்துகொண்டிருந்தன. முன்னால் ஒரு நீளக் கறுப்புக் கார். ஓட்டுவது கறுப்புக் கோட்டுக் கிழவர் ஒருவர்.

காதெல்லாம் சூடாயிற்று. செத்தவருக்குக் கொடுக்கிற மரியாதையைத் திருடி வாங்கிக்கொண்டு போகிறோமே என்று கூசினார். கூச்சத்துக்கு நடுவே கேட்காமலே ஒரு யோசனையும் வந்தது. நாளைக்கு நிஜமாகவே நாம் போகும்போது பின்னால் எத்தனை வண்டி வரும்? ஹார்லன் வருவான். சர்ச்சிலிருந்து ஒன்று வரும். அதற்குமேல் விரல் மடங்கவில்லை. கொலராடோ ரொம்பத் தூரம்.

கல் மேசை போட்ட இளைப்பாறும் இடம் ஒன்று கடைசியில் வந்தது. உடனே உள்ளே திருப்பினார். பின்னால் வந்தவர்கள் சீறிக்கொண்டு பறந்தார்கள். ஒருவன் நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனான். ஆனால் மூன்று கார்கள் மட்டும் அவரைத் தொடர்ந்து உள்ளே வந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக நின்றன. விளக்குகூட அணைக்கவில்லை.

முதல் காரிலிருந்து கறுப்பு உடையில் ஒரு நடுவயதுப் பெண் இறங்கி வந்தாள். “ஐயா, ஏன் நின்னுட்டோம்?”

“நான் நின்னேன். நீங்க ஏம்மா நின்னீங்க?”

“நீங்கதானே ஊர்வலத்துல முன்னால போறீங்க?”

“என்ன ஊர்வலம்? நான் தங்கச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போறேன்.”

அவள் அவருடைய காரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. “அப்போ எங்க மாமா எங்கே?”

“என்கிட்ட இல்லம்மா.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் இரண்டையும் கொஞ்சம் செய்தாள். அவர்கள் சான் அன்டோனியோக்காரர்கள். ‘சர்ச்சிலிருந்து கிளம்புகிற கறுப்புக் காரின் பின்னாலேயே வந்துவிடுங்கள், வழி தெரியாது’ என்று சொல்லியிருக்கிறார்கள். பெட்ரோல் போட நின்ற இடத்தில் பின்தங்கி, மெயின் ரோட்டுக்கு வந்ததும் கண்ணில் பட்ட கறுப்புக் காரின் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

“போனது யாரு?”

“எட்கர் லோஷ். அவங்க பண்ணைக்குள்ள இருக்கற கல்லறைத் தோட்டம்.”

ஹில்மருக்கு லோஷைப் பழக்கமில்லை, இடம் தெரியும். வந்த வழியே ஏழெட்டு மைல் திரும்பிப் போய், மண் ரோட்டில் இறங்கி, பண்ணைக் கேட்டுகளைத் திறந்து மூடிக்கொண்டு போக வேண்டும். பாதை ஒரு பலகைகூட இல்லாமல் அங்கங்கே பிரியும். வாயால் சொன்னால் வெளியூர்க்காரன் பிழைக்க மாட்டான். அந்தப் பெண்ணின் கையிலிருந்த போனில் அங்கே சிக்னலும் இல்லை.

காரின் பின் இருக்கையில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தபடி.

“அவங்க யாரு?”

“மாமாவோட அக்கா. அவங்க வர்றதுக்குள்ள பெட்டியை இறக்கிடுவாங்களோன்னுதான் ஐயா பயமா இருக்கு.”

ஹில்மர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வாரம் போட்ட கணக்கு ஒரு நிமிஷத்தில் தலைகீழாயிற்று. கையை நீட்டி மேற்கே காட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் தன்னை நம்பிப் பின்னால் வந்தவர்களை நடுரோட்டில் விட்டுப் போனவன் என்று ஷ்ராம் வீட்டில் ஒருவனையும் இதுவரை சொன்னதில்லை. அதோடு, ரோட்டில் தொப்பி கழற்றிக் கொடுத்த மரியாதை வேறு. வாங்கியதற்கு வேலை செய்துவிட வேண்டும்.

“விளக்கை அணைக்காதீங்க,” என்றார். “என் பின்னாலேயே வாங்க. வேகமாப் போகச் சொல்லி ஹாரன் அடிக்கக் கூடாது.”

திரும்பும் வழியிலும் எதிர்வண்டிகள் நின்றன. இந்தமுறை அவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்.

ஓக் மரங்களுக்குக் கீழே பெட்டி இன்னும் மேலேதான் இருந்தது. கிழவி மெல்ல நடந்துபோய் அதன்மேல் கையை வைத்தாள். கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. ஹில்மர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எட்டி நின்றார். போதகர் வேதத்தைத் திறந்தபோது மணி பன்னிரண்டு. நடுவில் காரைக் கிளப்பிப் போக முடியுமா? அடக்கம் முடியும்வரை நின்றார்.

“பெரியவரே, சர்ச்சுல சாப்பாடு இருக்கு. சாப்பிடாம விடமாட்டோம்,” என்று அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தங்கச்சி சமைச்சிருப்பா.”

“அப்போ அந்த மேட்டுல ஏறினா போன் கிடைக்கும். லேட்டாகும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. காத்திருக்கட்டும்.”

“காத்திருக்கச் சொல்றது எங்க வீட்டுல இல்லம்மா.”

அவர் லானோவில் நெல்டாவின் வாசலில் போய் நின்றபோது ஒன்றரை தாண்டிவிட்டது. கம்பிவலைக் கதவுக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். அப்பாவின் தாடை அவள் முகத்தில் இவ்வளவு தெளிவாக அவர் முன்பு பார்த்ததில்லை.

“பன்னெண்டுக்கு உக்காந்தேன்,” என்றாள்.

“அப்படித்தான் உக்காரணும்.”

“உங்க தட்டை எடுத்து வச்சுட்டேன்.”

“எடுத்துத்தான் வைக்கணும்.”

“காரணம் கேக்க மாட்டேன்.”

“நான் சொல்லவும் போறதில்ல.”

அவள் கதவைத் திறந்தாள். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். சமையலறையைக் கடக்கும்போது அடுப்பின் சூடு முழங்காலில் அடித்தது.

“சாப்பிட்டீங்களா?” என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

“வழியில ஒரு சாவு. சர்ச்சுக்காரங்க விடல. வயிறு முட்டப் போட்டுட்டாங்க. நீ?”

“நான் அப்பவே முடிச்சாச்சு.”

பெட்டிகளின்மேல் உட்கார்ந்து இருவரும் காபி குடித்தார்கள். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கொலராடோவில் பனி எவ்வளவு விழும் என்று கேட்டார். பழுப்புத் தாளைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். “அப்பாவோட புகைக்கூடுதானே?” “அதேதான்.” அவள் அதைப் பெட்டியில் போடவில்லை, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேசாமலே நேரம் அவர் திட்டத்தைத் தாண்டிவிட்டது. எழுந்தார்.

“இருங்க,” என்று உள்ளே போனவள் வெள்ளித்தாளில் சுற்றிய பெரிய பொட்டலத்தோடு வந்தாள். “உங்க நாய் இருக்குல்ல?”

நாய் செத்து ஆறு வருஷமாகிறது. “இருக்கு,” என்றார்.

“மிச்சம் மீதி. ஊரை விட்டுப் போற நேரத்துல வச்சுக்கிட்டு என்ன பண்றது? நாய்க்குப் போடுங்க.”

“அதுக்குப் பிடிக்கும்.”

“உப்பு கொஞ்சம் கம்மி.”

“நாய் ஒண்ணும் சொல்லாது.”

அவள் படி இறங்கவில்லை. “எதிர்வெயில் அண்ணே. பாத்துப் போங்க,” என்று மட்டும் சொன்னாள்.

பாதி வழிகூட வரவில்லை, ரோடு வெள்ளையாகிவிட்டது. காலையில் நின்ற அதே இளைப்பாறும் இடத்தில் காரை விட்டு, கல் மேசையில் பொட்டலத்தை வைத்துப் பிரித்தார். மாட்டிறைச்சி முழுசாக இருந்தது. கத்தி படவே இல்லை. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கரண்டி படாமல் இருந்தன. வெண்ணெய் தடவாத ரொட்டிகள் இரண்டு.

தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பேனாக்கத்தியை விரித்து இறைச்சியைச் சரிபாதியாக வெட்டினார். தன் பாதியைச் சாப்பிட்டார். உப்பு கம்மிதான். நெல்டாவின் பாதியையும் ஒரு ரொட்டியையும் திரும்ப வெள்ளித்தாளில் வைத்து, ஓரங்களை மடித்து மூடி, பக்கத்து இருக்கையில் வைத்தார்.

சூரியன் மரங்களுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்தார். பிறகு விளக்கைப் போட்டு ரோட்டில் ஏறினார். பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ஒரு வெளிச்சமும் இல்லை.