கார் இருக்கற ஊட்டு மருமக

மோகனப்பிரியாவுக்கு அந்தக் கார் மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கார் என்னங்க பாவம் பண்ணுச்சு என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூற்றி நாலு ஆவணியில் கல்யாணம். அவள் அப்பா, துடியலூர் திருமலைசாமி, சீராக ஒரு வெள்ளை மாருதியைச் சந்தனம் குங்குமம் வைத்து மண்டபத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மகளுக்கு ஓட்டத் தெரியும் என்றுதான் வாங்கினார். காலேஜ் முடித்த வருசமே லைசென்ஸ் எடுத்தவள் அவள். மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரிக்காரர்களுக்கு நடுவே ஓட்டிப் பழகின கை. மாப்பிள்ளை கிருபாசங்கருக்கு அன்றைக்குப் புல்லட் மட்டும்தான் தெரியும். இந்தக் காரில்தான் பழகினான். பழகி முடித்ததும் சாவியை வாசல் ஆணியில் மாட்டினான், அதை அவனைத் தவிர யாரும் தொடவில்லை. பல்லடம் பக்கத்தில் பத்தாயிரம் கோழி வளர்க்கிற பண்ணைக்கார வீட்டில் பொம்பளை கார் ஓட்டுவதா? நல்லாக் கேட்டீங்க போங்க!

கார் என்னவோ தங்கமான காராக இருந்தது. காலையில் சோக்கை இழுத்து ஒரு திருகு திருகினால் சத்தமில்லாமல் எழுந்துகொள்ளும். பின்சீட்டை மடக்கிவிட்டால் தீவன மூட்டை நாலு உட்காரும். முட்டை அட்டை, செத்த கோழி, டாக்டருக்குக் காட்ட வேண்டிய கோழி, கல்யாணத்துக்குப் போகும் பட்டுச்சேலை, எல்லாம் அதே வண்டிதான். பண்ணைக்குப் போகிற மண்தடத்தில் ரெண்டாவது கியரில் விட்டால் போதும், சகதியோ மணலோ, புலம்பாமல் ஏறும். லிட்டருக்குப் பதினேழு தருகிறது என்று மாமனார் கந்தப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வண்டியில் மோகனப்பிரியாவுக்கு வாய்த்த இடம் பின்சீட்டு நடுவில். வீட்டிலேயே ஒல்லி அவள்தான், அதனால். ரெண்டு பக்கமும் இடிபட்டுக்கொண்டு, முழங்காலை ஒடுக்கிக்கொண்டு, கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தபடி போவாள். கிருபாசங்கர் கிளட்ச் மேல் வைத்த காலை எடுக்கவே மாட்டான். மேடு வந்தால் கியரை இறக்காமல் நாலாவதிலேயே இழுப்பான், வண்டி முக்கும். 'எறக்குங்க, மூணாவதுக்கு எறக்குங்க' என்று அவள் உள்ளுக்குள் கத்துவாள். வாய் திறந்தால் வம்பு. அவள் வலது கால் மட்டும் சேலைக்குள் தன்னால் பிரேக் மிதிக்கும்.

சரி, இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பின்னால் வந்தது.

கல்யாணத்துக்கு முன்பே அரசாங்க வேலைக்கு ஒரு பரீட்சை எழுதியிருந்தாள். தமிழ், இங்கிலீஷ் ரெண்டு டைப்ரைட்டிங்கிலும் ஹையர் பாஸ். மறந்தே போயிருந்த அந்தப் பரீட்சைக்குத் தொண்ணூற்றி ஆறு மே மாசம் ஆர்டர் வந்தது. கோயமுத்தூரில் ஒரு அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட். பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்குள் நேரில் வந்து சேராவிட்டால் ஆர்டர் ரத்து. அந்தக் கடைசி வரியை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கே இல்லை.

"போலாம், கூட்டிட்டுப் போறேன்" என்றான் கிருபாசங்கர். மறுப்பே சொல்லவில்லை, அதுதான் கொடுமை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். திங்கட்கிழமை தீவனம் ஏற்றப் போனது கார். செவ்வாய் ஒரு வளைகாப்பு. புதன்கிழமை கோழிக்குச் சீக்கு வந்து டாக்டரைக் கூட்டிவரப் போனது.

"நாம்பாட்டுக்கு பஸ்ஸுல போயிட்டு வந்தர்றனுங்க அத்தை. ஒன்றரை மணி நேரந்தானுங்க" என்று வியாழக்கிழமை மாமியாரிடம் கேட்டாள்.

சுப்பாத்தாளுக்குப் பதறிப் போனது. "கார் இருக்கற ஊட்டு மருமக பஸ்ஸுல தொங்கிட்டுப் போனா நாலு சனம் என்ன பேசும் கண்ணு? காரை வித்துப்போட்டாங்களா, மருமவளைத் தொரத்திப்போட்டாங்களான்னு கேக்க மாட்டாங்களா? வெள்ளிக்கெழமை அவனே கூட்டிட்டுப் போவான், சும்மா இரு."

பாருங்கள் கூத்தை. கார் இல்லாத வீட்டில் வாக்கப்பட்டிருந்தால் திங்கட்கிழமையே பஸ் ஏறி வேலையில் சேர்ந்திருப்பாள். அப்பா கொடுத்த கார், அவளை வாசல்படி தாண்டவிடாமல் குறுக்கே நின்றது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. குளித்து, சர்டிபிகேட்டெல்லாம் பைலில் போட்டுத் தயாராக நின்றாள். ஏழு மணிக்குத் தாராபுரத்திலிருந்து போன். சுப்பாத்தாளின் தாய்மாமன் செங்கோட்டையன் போய்ச் சேர்ந்துவிட்டார். எண்பத்தி ரெண்டு வயசு. எழவுச் சேதி வந்த வீட்டில் ஆபீசு, ஆர்டர் என்று வாயெடுக்க முடியுமா? சேலையை மாற்றிக்கொண்டாள். பைலை மட்டும் யாருக்கும் தெரியாமல் முன்சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

முன்னால் கந்தப்பன். பின்னால் சுப்பாத்தாள், வழியில் ஏற்றிக்கொண்ட அவள் தங்கை பாவாத்தாள், நடுவில் மோகனப்பிரியா. கோயமுத்தூர் ஒரு திக்கில் கிடக்க, கார் தாராபுரத்தைப் பார்த்துப் போனது. குண்டடம் தாண்டும்போது அனல்காற்று இறக்கிவிட்ட கண்ணாடி வழியாக மூஞ்சியில் அறைந்தது. ஒவ்வொரு மைல்கல்லும் அவளை ஐந்து மணியிலிருந்து தூரமாகக் கொண்டுபோனது. அழுகை முட்டியது. எழவுக்குப் போகிற கார்தானே, அழுதால் யார் கேட்கப் போகிறார்கள் என்று கொஞ்சம் அழுதும்விட்டாள். "நல்ல மனசு புள்ளைக்கு" என்றாள் பாவாத்தாள்.

பொணத்தை எடுக்க ஒன்றரை ஆயிற்று. ஆம்பளைகள் சட்டையைக் கழற்றித் தோள் கொடுக்கப் போனார்கள். கிருபாசங்கர் சட்டை, வாட்ச், கார்ச் சாவி மூன்றையும் சுருட்டி, "பத்திரமா வெச்சுக்க" என்று அவள் கையில் திணித்துவிட்டு ஓடினான். பறைச் சத்தம் தோட்டத்தைத் தாண்டிக் குறைந்துகொண்டே போனது. பொம்பளைகள் வாசலைக் கழுவத் தொடங்கினார்கள்.

மோகனப்பிரியா கையைப் பார்த்தாள். ரெண்டு வருசத்தில் முதல் தடவை சாவி அவள் கையில் இருந்தது. வாட்சில் ஒன்று நாற்பது. ரெண்டே கால் மணி நேரம் ஓட்டினால் நாலு மணிக்கு ஆபீசு வாசல்.

வெளியே எட்டிப் பார்த்தாள். காருக்கு முன்னால் ஒரு அம்பாசிடர், பின்னால் டிராக்டர். ஆனாலும் மாட்டுத்தொட்டிக்கும் வேலிக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. பெரிய வண்டி எதுவும் அதில் நுழையாது. இந்தக் குட்டி வண்டி நுழையும். பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டு, ரெண்டு தடவை முன்னும் பின்னும் ஒடித்தால் வெளியே வந்துவிடலாம். ஒடிக்க வேண்டிய அளவுகூட அவள் கைக்குத் தெரிந்துபோயிற்று.

இன்னொரு வசதியும் இருந்தது. எழவு வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வந்தவர்கள் சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். ஏன் எழுந்தாய், எங்கே போகிறாய் என்று கேட்பதும் கிடையாது. இதைவிடத் தோதான இடம் உலகத்தில் உண்டா? எழுந்தாள். கூடத்தைத் தாண்டினாள். சுப்பாத்தாள் உள்ளே மாமனின் மகள்களைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். யாரும் தலை நிமிரவில்லை. வாசலுக்கு வந்து செருப்பைக் காலில் மாட்டினாள்.

அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அந்த வீட்டு மருமகள் வள்ளியாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"போயிட்டு வாரேனுங்க அக்கா" என்றாள் மோகனப்பிரியா.

அடக் கடவுளே! வேணுமென்று சொல்லவில்லைங்க. ரெண்டு வருசமாகப் பூப்பறிக்கப் போனாலும், பக்கத்துத் தோட்டத்துக்கு மோர் கொடுக்கப் போனாலும், மாமனாரிடம் ஒரு தடவை, மாமியாரிடம் ஒரு தடவை, எதிரே வந்தவரிடம் ஒரு தடவை சொல்லிச் சொல்லிப் பழகின வாய். செருப்பை மாட்டினால் அது தன்னால் வரும். வந்துவிட்டது.

வள்ளியாத்தாள் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். "எழவூட்டுல நின்னுட்டு என்ன பேச்சுங்க அம்மணி இது! இன்னொருக்கா வாரேங்கறீங்களா? இன்னும் எத்தனை பொணம் விழோணும் இங்கே?"

அவ்வளவுதான். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஒருத்தி வந்தாள். உள்ளேயிருந்து நாலு பேர் வந்தார்கள். "யாரு அது, பல்லடத்துக்காரியா?" "ஊட்டுல படுக்கையில கெடக்கறவங்க வேற இருக்காங்களே!" என்று வாசல் பூராவும் பேச்சு. கடைசியாகச் சுப்பாத்தாள் வந்தாள். மருமகளின் காலில் செருப்பையும் கையில் சாவியையும் பார்த்தாள்.

"எங்கே கெளம்பிட்டே?"

"கோயமுத்தூருக்குங்க அத்தை. அஞ்சு மணியோட முடிஞ்சுபோகுமுங்க. என்னை விட்டுருங்க, சேர்ந்துபோட்டு ராத்திரிக்குள்ள வண்டியைக் கொண்டாந்து நிறுத்திர்றனுங்க." கையெடுத்துக் கும்பிட்டாள். "வேற ஒண்ணுமே கேக்க மாட்டனுங்க."

சுப்பாத்தாள் கெட்டவளில்லை. அவள் கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஆனால் சுற்றி நின்றவர்கள் அவள் பிறந்த வழிச் சனம். "கண்ணு, சொல்லக்கூடாததைச் சொல்லிப்போட்டே. இப்ப நீ இந்தப் படி தாண்டிப் போனா, நாளைக்கு இவங்க ஊட்டுல ஒண்ணுன்னா எம்மேலதான் பழி விழும். ஆம்பளைங்க குளிச்சுட்டு வரட்டும். உள்ள வந்து உக்காரு."

சாவியை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். வள்ளியாத்தாள் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னாள். சொன்ன பேச்சு கழியுமாம். குடித்தாள். நாலு பொம்பளைகளுக்கு நடுவே சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். மடியில் புருஷன் சட்டை. அதற்குள்ளிருந்த வாட்சை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ரெண்டு பத்து. ரெண்டே முக்கால். நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

ஆம்பளைகள் திரும்பும்போது மூன்றரை. கிருபாசங்கர் நொண்டிக்கொண்டு வந்தான். வெறுங்காலில் போன இடத்தில் வேலமுள் வலது குதிகாலில் ஏறி, பாதி உள்ளேயே ஒடிந்து, கால் வீங்கியிருந்தது. நடந்ததை அவன் காதில் போட நாலு பேர் காத்திருந்தார்கள். கேட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். திட்டவில்லை.

"ஏனுங்க, இப்பக் கெளம்புனாக்கூட..." என்றாள்.

"சோறு போடறாங்க. திங்காமப் போனாத் தப்பு. ஏம் பிரியா, ஒரு நாளு தள்ளி வந்தா வேண்டாம்பாங்களா? எழவுன்னு சொல்லிக்கலாம்."

"ரத்துன்னு போட்டிருக்குதுங்க" என்றாள். அவன் அதற்குள் இலை போட்ட பக்கம் நொண்டிப் போய்விட்டான்.

கிளம்பும்போது நாலே கால். கிருபாசங்கர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வலது காலை வைத்துப் பார்த்தான். "ஆத்தா!" என்று துள்ளினான். பிரேக்கை மிதிக்கவே முடியவில்லை. கந்தப்பனுக்கு மாட்டு வண்டி தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. எல்லாரும் கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அம்மணி ஓட்டும்தானே?" என்றார் கந்தப்பன். சுப்பாத்தாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினாள்.

அம்பாசிடர் போயிருந்தது. சந்தில் நுழைக்க வேண்டிய அவசியமே இல்லை. மோகனப்பிரியா உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், கிளட்ச்சை விட்டாள். ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டி நகர்ந்தது. தாராபுரம் தாண்டி நாலாவது கியருக்கு வந்தாள். ஐம்பது. அறுபது. அஞ்சு பேரை ஏற்றிக்கொண்டும் அந்தச் சின்ன இன்ஜின் முணுமுணுக்கவில்லை. மேட்டில் மூன்றாவதுக்கு இறக்கினாள், வண்டி குஷியாக ஏறியது. ஸ்டேரிங் விரல் நுனிக்கு அடங்கியது. பேய் மாதிரி ஓட்டலாமா என்று தோன்றியது. அப்படி ஓட்டினாலும் எட்டாது. அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"ஏண்டா, இத்தன நாளா எங்களைக் குலுக்கியே கொன்னுபோட்டயே! பாரு, அம்மணி என்னமா ஓட்டுது. தொட்டில்ல ஆட்டற மாதிரி இருக்குது" என்றார் கந்தப்பன்.

பின்சீட்டில் நொந்துபோய்க் கிடந்த கிருபாசங்கரும் சிரித்தான். "நல்லாத்தான் ஓட்டறா."

"மணி என்னங்க மாமா?" என்றாள் அவள்.

"அஞ்சு பத்து அம்மணி. அவசரமில்லை, நிதானமாவே போ."

பல்லடம் முக்கில் கோயமுத்தூர் ரோடு இடது பக்கம் பிரிந்தது. ஒரு பஸ் நிறைய சனத்தை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியது. அது போகும்வரை பிரேக்கில் நின்றாள். பின்னால் ஹாரன் அடித்தான் ஒருத்தன்.

"அக்கா, இனி நமக்கென்ன!" என்று பாவாத்தாள் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தாள். "செவ்வாய்க்கெழமை கோயிலு, வியாழக்கெழமை சந்தை, எம் பேத்தியை டாக்டரூட்டுக்கு... இவனைப் புடிச்சுத் தொங்கோணும்னு இல்லை. அம்மணியே கூட்டிட்டுப் போயிரும்."

"அதுக்கென்ன, ஊட்டுலதானே இருக்கறா" என்றாள் சுப்பாத்தாள். மருமகளின் தோளைப் பின்னாலிருந்து ஆசையாகத் தடவினாள்.

வீட்டு வாசலில் நிறுத்தினாள். எல்லாரும் இறங்கிக் குளிக்கப் போனார்கள். அவள் மட்டும் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். டேங்கில் பாதி பெட்ரோல். ஆபீசைப் பூட்டியிருப்பார்கள். பைல் சீட்டுக்கு அடியில் காலில் இடித்தது. உதைத்து உள்ளே தள்ளினாள். அப்போதுதான் வாய்விட்டு அழுதாள், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு.

அணைத்துவிட்டு இறங்கி, சாவியை ஆணியில் மாட்டப் போனாள். கிணற்றடியிலிருந்து கந்தப்பன் பெருந்தன்மையாகக் குரல் கொடுத்தார்.

"அங்கே மாட்டாதே அம்மணி. இனி அது உங்கிட்டயே இருக்கட்டும். காலையில ஆறு மணிக்குத் தீவனம் ஏத்தப் போகோணும்."

"சரிங்க மாமா" என்றாள் மோகனப்பிரியா.